பாயிரம் இல்லா நூல்கள்: எல்லைப்புறத் தமிழில் ஆசிரியர் தாமே வெளியிடும் மின்னூல்கள்

நூலாசிரியன் தன் நூலைத் தானே சிறப்பித்துக் கூறுவதை மரபிலக்கணம் ஏற்பதில்லை. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் என நன்னூல் நால்வரைச் சுட்டுகிறது: ஆசிரியனுக்குக் கற்பித்தவர், அவனோடு கற்றவர், அவனிடம் கற்றவர், அவன் நூலுக்கு உரை கண்டவர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் இவர்களுள் இரண்டாம் வகையினர் என உரையாசிரியர்கள் கொள்வர். பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறிய செய்தியும் அப்பாயிரத்தின் வழியாகவே அறியப்படுகிறது. எனவே, ‘ஆசிரியர்க்கும் வாசகர்க்கும் இடையே ஒருவர் நிற்க வேண்டுமா?’ என்னும் வினா மின்னூலோடு பிறந்ததன்று.

அச்சுக்காலத்தில் அவ்விடத்தைப் பதிப்பகங்கள் மெல்ல மெல்லக் கைக்கொண்டன. முழுமையாகக் கைக்கொண்டன எனல் பொருந்தாது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் இட்டுப் பொருளுதவி செய்தோரின் துணையை நாடினார். 1920-இல் பாரதியார் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது பகுதிகளாகத் தாமே வெளியிடத் திட்டமிட்டு அன்பர்களிடம் கடன் வேண்டினார், அத்திட்டம் நிறைவேறவில்லை. தமிழில் ஆசிரியர் தாமே வெளியிடுதல் இழிவாகக் கருதப்பட்டதில்லை. பதிப்பகம் கிட்டாதவரின் கடைசிப் புகலிடம் அது என்னும் எண்ணம் பிற்காலத்தது.

இன்றைய நிலை வேறு. 2013-இல் தொடங்கப்பட்ட ஃபிரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ்த் தமிழ் மின்னூல்களை விலையின்றி வழங்கி வருகிறது. 2014-இல் பெங்களூரில் தோன்றிய பிரதிலிபி, எவரும் எழுதிப் பதிவேற்றும் தளமாக வளர்ந்தது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் நேரடி வெளியீட்டு முறையில் தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளைச் சேர்த்தது. இவற்றுள் எதிலும் நூலை நிறுத்திவைத்து ‘இது வேண்டா’ எனத் திருப்பியனுப்பும் பதிப்பாசிரியர் பழைய பொருளில் இல்லை. வாயில் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே எங்கு எது உள்ளது எனச் சொல்வார் இல்லை. பதிப்பகம் செய்த பணிகள் இரண்டு: விலக்குதல், அறிவித்தல். முதற்பணி நீங்கியதைக் கொண்டாடுவோர் இரண்டாம் பணியும் அதனோடு நீங்கியதைக் கருதுவதில்லை.

இக்குறை எல்லாத் தமிழர்க்கும் பொதுவே எனினும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழர்க்கு மிகுதி. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நிலைத்தன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழர்க்குப் பதிப்பகம் என்பது சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ இருப்பது. தம் மாநிலத்தின் இலக்கிய அமைப்புகள் பெரிதும் மலையாளம் சார்ந்தவை. இத்தகையோர்க்கு மின்னூல் தரும் வாய்ப்பு சிறியதன்று. அந்நூலைப் பிறர் கண்டெடுக்க இயலாமற் போனால் அவ்வாய்ப்புப் பெயரளவினதே.

கண்டெடுத்தலில் முதல் தடை மொழியமைப்பிலேயே உள்ளது. மூணாற்றைப் பற்றிய நூலைத் தேடுபவர் ‘மூணாறு’ என இடுவார். நூற்குறிப்பில் ‘மூணாற்றில்’, ‘மூணாற்றின்’ என வேற்றுமையேற்ற வடிவங்களே இருப்பின், எழுத்துக்கோவையை அப்படியே ஒப்பிடும் தேடுபொறிக்கு அந்நூல் அகப்படாது. பாலக்காடு, பீர்மேடு என்பவை பாலக்காட்டில், பீர்மேட்டில் என ஒற்று இரட்டிக்கும். தேவிகுளம், வேலந்தாவளம் என்பவை அத்துச் சாரியை பெற்று மகரம் கெடும். குமுளி, இடுக்கி, சித்தூர் ஆகியவை மாறாதவை. எல்லைப்புறத்தின் முதன்மையான ஊர்ப்பெயர்கள் பல மாறும் வகையினவாக அமைந்தது தற்செயலே. அதன் விளைவு அவ்வாறு சிறிதன்று. இதனோடு மூணார், மூனாறு, பீருமேடு என எழுத்து வேறுபாடுகளும் சேர்கின்றன. தலைப்பை உரோம எழுத்திலும் தரும் இடங்களில் றகரத்தையும் ழகரத்தையும் ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் எழுதுவர். ஆதலின் தேடுவோர் பெயரை முழுமையாக இடாது, ‘மூணா’, ‘பாலக்கா’, ‘தேவிகுள’ என மாறாத முற்பகுதியை மட்டும் இடுதல் பயன் தரும். சொற்பகுதியைத் தேட இடந்தராத தளங்களில் இருவடிவங்களையும் தனித்தனியே தேடுவதன்றி வேறு வழியில்லை. உருபனியல் பகுப்பாய்வில் பல பத்தாண்டுகள் உழைத்த மொழியியலாரின் பணி நூற்கடையின் தேடற்பெட்டி வரை சென்று சேரவில்லை எனில், அது கணினியாரின் குறை மட்டுமன்று.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண் தொழிலாளர் நடத்திய போராட்டம் மற்றொரு சான்று. அவர்தம் அமைப்பு மலையாள இதழ்களில் ‘பெம்பிளை ஒருமை’ என வழங்கியது. தமிழில் அது பொம்பிளை ஒருமை எனவும் பெண்கள் ஒற்றுமை எனவும் எழுதப்பட்டது. ஒருமை என்னும் சொல்லை இன்றைய தமிழ் வாசகர் முதலில் இலக்கண எண்ணாகவே கொள்வர். மலையாளத்தில் அது ஒற்றுமையைச் சுட்டும். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய எழுத்துகள் இவ்வாறு பெயர்களால் சிதறிக் கிடக்கின்றன.

இரண்டாம் தடை மதிப்பீட்டு முறை. விண்மீன்களின் எண்ணிக்கை, படிக்கப்பட்ட பக்கங்களின் தொகை, பதிவிறக்கக் கணக்கு ஆகியவையே இன்று நூலின் தகுதிச் சான்றுகளாக நிற்கின்றன. தமிழையும் உள்ளடக்கி 2018-இல் நடந்த கிண்டில் போட்டியிலும் வாசகர் வரவேற்பு கணக்கில் கொள்ளப்பட்டது. இவ்வகை மதிப்பீடு நண்பர் வட்டத்தின் அளவையே காட்டுகிறது என்பது பலரும் கூறும் குறை. அக்குறை உண்மையே, ஆயினும் காரணம் சரியாகச் சொல்லப்படவில்லை. நன்னூல் கூறும் நால்வருள் முதல் மூவரும் ஆசிரியனுக்கு நெருங்கியவர்களே. மரபு நடுநிலையாளரைத் தேடவில்லை. பெயர் சொல்லிப் பொறுப்பேற்பவரையே தேடியது. அவர் சொல்ல வேண்டியவற்றையும் வரையறுத்தது. நூலை இயற்றியவர் யார், அதன் பெயர் யாது, எதன் வழிவந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குவது, எவ்வடிவில் தொகுத்துச் செய்யப்பட்டது, எதைப் பேசுவது, கேட்டற்குரியார் யார், அவர் அடையும் பயன் யாது என்னும் எட்டோடு, காலம், அரங்கேறிய களம், செய்தற்குக் காரணம் ஆகிய மூன்றும் சேர்த்துக் கொள்ளப்பட்டன. ஐந்து விண்மீன்கள் இவற்றுள் ஒன்றையேனும் சொல்வதில்லை.

இவற்றுள் ‘எல்லை’ என்பது தனித்து நோக்கத்தக்கது. நூற்பட்டியல்களில் மொழிக்கு இடம் உண்டு. அம்மொழி எப்பகுதியில் வழங்குவது என்பதற்குப் பெரும்பாலும் இடமில்லை. கொழிஞ்சாம்பாறையில் எழுதப்பட்ட சிறுகதைத் தொகுதியும் கும்பகோணத்தில் எழுதப்பட்டதும் பட்டியலில் ஒரே தமிழ். அட்டப்பாடியின் நிலை இதனினும் கடினம். அங்கு வழங்கும் இருளமொழி கிண்டில் முறையில் 2016-இல் சேர்க்கப்பட்ட ஐந்தனுள் இல்லை. அம்மொழிப் பாடல்களைத் தொகுத்து வெளியிட முனைபவர் அதனைத் தமிழெனவோ மலையாளமெனவோ குறித்தே பதிவேற்ற நேரும். மொழியியலார் தேடும் தரவு மொழிப்பெயர் மாறிய கணத்திலேயே மறைந்துவிடுகிறது.

பதிப்பாசிரியரின் கைபடாமை ஒருவகையில் நன்மையும் ஆகும். ‘அவர்கள் லயத்தில் தாமசம்’ என்றொரு தொடரைக் கொள்ளலாம். லயம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. தாமசம் மலையாளத்தில் குடியிருப்பைக் குறிக்கும், தமிழிலோ காலத்தாழ்வு. எல்லைக்கு அப்பாலுள்ள மெய்ப்புத் திருத்துநர் அதனைத் ‘தாமதம்’ எனத் திருத்தினால் குடியிருந்தவர்கள் காலந்தாழ்த்தியவர்கள் ஆகிவிடுவர். தண்ணீரை வெள்ளம் எனக் கூறும் வழக்கும் இத்தகையதே. திருத்தப்படாத நூலில் இவை எஞ்சுகின்றன. அவற்றோடு எழுத்துப்பிழைகளும் எஞ்சுகின்றன. இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஒரு வடிவம் ஒரே சூழலில், ஒரே வகை மாந்தர் வாயில் மீண்டும் மீண்டும் வருமாயின் அது வழக்கு. ஒரு பக்கத்தில் வந்து அடுத்த பக்கத்தில் காரணமின்றி மாறுமாயின் பிழை. வல்லினம் மிகாமை கொண்டு நூலின் தகுதியை அளப்போர் நல்ல நூல்கள் பலவற்றை இழப்பர். கிண்டிலில் நூலின் தொடக்கப்பகுதியை விலையின்றிப் படிக்க இயலும். அதில் எடுத்துரைப்பின் மொழியும் உரையாடலின் மொழியும் எவ்வாறு வேறுபடுகின்றன என நோக்குதல் எந்த விண்மீனினும் நம்பத்தக்க சான்று. உரையாடலில் மட்டும் வட்டாரச் சொற்களை ஒட்டவைத்த நூலும், எடுத்துரைப்பே அம்மண்ணின் தொடரமைப்பில் நடக்கும் நூலும் சில பக்கங்களிலேயே வேறுபட்டுத் தோன்றும்.

மொழிபெயர்ப்பாளரும் வாயிற்காவலரே என்பதற்கு அண்மை நிலப்பகுதியிலிருந்து ஒரு சான்று உண்டு. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969-இல் வெளிவந்தது. அத்தோட்டத் தொழிலாளரின் தாய்மொழியில் அது ஊன்றியது, இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கிய பின்னரே. 2013-இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ அதன் அடிப்படையில் உருவாயிற்று. அச்சான நூலே இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது எனில், பட்டியலில் எல்லை குறிக்கப்படாத மின்னூலின் கதி சொல்லத் தேவையில்லை. தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் பாலக்காட்டில் அரியர் அல்லர். அவர்கள் தாம் மொழிபெயர்க்காத, ஆனால் படித்துத் தேர்ந்த மின்னூல்களுக்குப் பெயரிட்டு ஒரு பக்கப் பாயிரம் எழுதுவார்களாயின், பதிப்பகம் விட்டுச்சென்ற இரண்டாம் பணி ஓரளவு நிரம்பும்.

இதற்கு உரிமமும் சில இடங்களில் இடந்தருகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் மாற்றத்தைத் தடைசெய்யாத வகையில் வெளிவந்த நூலுக்கு எவரும் முன்னுரையும் அருஞ்சொற்பட்டியலும் சேர்த்து, மூல ஆசிரியரின் பெயரைக் குறித்து, மறுபடி வெளியிடலாம். விற்பனைத்தளத்து நூலில் இது ஆசிரியரின் இசைவின்றி இயலாது. அங்கே வாசகர் கருத்துரைப் பகுதி ஒன்றே பாயிரத்திற்கு எஞ்சிய இடம்.