கழுவித் தெளியும் வண்ணம்

பழைய சூப்பர் 8 கேமராவில் போட இரண்டு வகை வண்ணப் பிலிம் உண்டு. நெகட்டிவ் போட்டால், ஸ்கேன் செய்து கணினியில் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். ரிவர்சல் பிலிமில் கேமராவுக்குள் ஓடிய அதே நாடாதான் கழுவி வந்ததும் புரொஜெக்டரில் ஏறுகிறது. குழந்தையின் கன்னத்தில் பட்டுத் திரும்பிய வெயில் எந்தப் பிலிமைத் தொட்டதோ, அதை ஊடுருவியே வெளிச்சம் திரைக்குப் போகிறது. ரிவர்சல்மீது எனக்குள்ள பிரியம் இதிலிருந்து பிறந்ததுதான். படம் பிடிப்பவரின் ஒவ்வொரு முடிவும் அந்த நாடாவிலேயே தங்கிவிடுகிறது.

இந்த வகையின் பேரரசன் கோடாக்ரோம். லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் கோடாக் நிறுவனத்துக்காக உருவாக்கியது. 1935-இல் 16 மி.மீ. பிலிமாகவும், மறு ஆண்டே 8 மி.மீ. பிலிமாகவும் வந்தது. அந்தப் பிலிமுக்குள் சாயம் உண்டாக்கும் பொருள் எதுவும் இல்லை. மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம் என்றே சொல்லலாம். நிறம் முழுவதும் கழுவும்போதுதான், அடுக்குக்கு ஒரு டெவலப்பராக உள்ளே ஏறும். அதனால் அடுக்குகள் மெலிந்து, விளிம்புகள் கூர்மையாக நின்றன. 1963-இல் டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது ஆபிரகாம் ஜப்ரூடர் எடுத்த 26 விநாடிப் படம் 8 மி.மீ. கோடாக்ரோம். ஜாக்குலின் கென்னடியின் இளஞ்சிவப்பு உடை அவ்வளவு அழுத்தமாக நம் நினைவில் பதிந்ததில் அந்தப் பிலிமுக்கும் பங்கு உண்டு.

கோடாக்ரோம் சூப்பர் 8 2005-இல் நின்றது. அதைக் கழுவிவந்த கடைசி லேப், கான்சாஸ் மாநிலத்தின் டுவெய்ன்ஸ் ஃபோட்டோ, 2010 முடிவில் சுருள் வாங்குவதை நிறுத்தியது. பழைய கோடாக்ரோம் கார்ட்ரிட்ஜ் விலைக்கு வந்தால் ஆசைப்பட வேண்டாம். கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம், நிறம் கிடைக்காது.

இன்று என் தேர்வு எக்டாக்ரோம் 100டி. நிறுத்தப்பட்டு, 2018-இல் மீண்டு வந்தது. கோடாக்ரோமின் சிவப்பு இதில் இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்கும். நீலம் ஆழமாக இறங்கும். தோல் நிறம் மிகையில்லாமல் வரும். இது பகல் வெளிச்சத்துக்கான பிலிம். பழைய சூப்பர் 8 கேமராக்களோ மஞ்சள் விளக்கொளிக்கான பிலிமை எண்ணிச் செய்யப்பட்டவை. வெயிலில் எடுக்க உதவும் ஆரஞ்சு ஃபில்டர் உள்ளேயே இருக்கும். பல்பு படம் போட்ட பொத்தானைத் தள்ளி அந்த ஃபில்டரை விலக்கிய பிறகே எக்டாக்ரோமை ஓட்ட வேண்டும். சில கேமராக்கள் இந்தப் பிலிமின் வேகத்தை 160 என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். தனி லைட் மீட்டர் கையில் இருப்பது நல்லது.

50 அடிச் சுருள், விநாடிக்கு 18 ஃபிரேம் வீதம், 3 நிமிடம் 20 விநாடி ஓடும். ரிவர்சலில் மீட்டரைப் பிரகாசமான இடத்துக்கே வைக்க வேண்டும். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் சாயமே உருவாகாது. அங்கே மிஞ்சுவது வெறும் கண்ணாடித் தெளிவுதான், எந்த லேபும் அதை மீட்க முடியாது. நிழலில் கொஞ்சம் இருட்டு சேர்ந்தாலோ நிறம் இன்னும் செழிக்கும். முகத்தில் வெயில் நேராக அடிக்கிறதா, அரை ஸ்டாப் குறைத்துவிடுங்கள்.

கழுவுவது ஈ-6 முறையில். முதல் டெவலப்பர் 38 டிகிரியில் சுமார் ஆறு நிமிடம், வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை மட்டும் கறுப்பாக்குகிறது. படத்தின் தலையெழுத்து இந்த ஆறு நிமிடத்தில்தான். நேரம் கூடினால் படம் வெளுக்கும், குறைந்தால் இருளும். வெப்பத்தை அரை டிகிரிகூட நழுவவிடக் கூடாது. அடுத்த குளியல், வெளிச்சம் படாமல் மீந்த உப்பை ரசாயனத்தால் தூண்டிவிடுகிறது. வண்ண டெவலப்பர் அங்கே வெள்ளியோடு சாயத்தையும் உண்டாக்குகிறது. அப்போது எடுத்துப் பார்த்தால் நாடா முழுக்கக் கறுப்பு. ஒரு முகமும் தெரியாது. பிளீச்சும் ஃபிக்சரும் வெள்ளியை நீக்க நீக்க, அந்தக் கறுப்புக்குள் இருந்த நிறம் வெளியே வரும். ஈரத்தில் பாலேடு படிந்த மாதிரி மங்கியிருக்கும், காய்ந்ததும் தெளியும். 5.8 மி.மீ. அகலமே உள்ள ஃபிரேமை லென்ஸ் வைத்துப் பாருங்கள். புடவைக் கரையின் நிறம்கூடப் பிடிபடும்.

வீட்டில் கழுவச் சுருள் தொட்டி கிடைக்கிறது. குளியல்களைச் சுருக்கிய கிட்களும் கிடைக்கின்றன. ஆனாலும் திரும்ப வராத காட்சி என்றால், ஈ-6-ஐத் தொடர்ந்து செய்யும் லேபுக்கே அனுப்புங்கள். அங்கே ரசாயனம் நாள்தோறும் சோதிக்கப்படும். கீறல் விழுமுன் ஒரு ஸ்கேன் எடுத்துவைப்பதும் முறைதான்.

அதோடு பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டாம். புரொஜெக்டர் விளக்கைக் கோடாக்ரோமைவிட எக்டாக்ரோம் நன்றாகத் தாங்கும். கேட்டைத் துடைத்து, சுருளை ஏற்றி, வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்து ஓட்டுங்கள். ஸ்கேனில் காட்சி மட்டுமே கிடைக்கும். அந்தக் காட்சியின் முன் நின்ற பிலிமே திரையில் ஓடுவது ரிவர்சல் போட்டவருக்கு மட்டும் கிடைக்கும் பாக்கியம். இத்தனை கவனமும் செலவும் அதற்காகத்தான்.