பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: ஓடும் உடம்புக்கு எடை உண்டு

இந்த விளையாட்டை இன்று முதன்முதலாகத் தொடுகிறவர் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லப்போகும் புகார் ஒன்றுதான்: "பட்டனை அழுத்தினால் கேட்கவே மாட்டேன் என்கிறானே!" உண்மைதான். வலது அம்பை அழுத்தினால் இளவரசன் முதலில் உடம்பை முன்னால் சாய்க்கிறான், ஓர் அடி எடுத்து வைக்கிறான், அதன் பிறகே ஓட்டம் பிடிக்கிறது. விரலை எடுத்தாலும் உடனே நிற்பதில்லை. திரும்பச் சொன்னால், ஓடிய வேகத்தில் சறுக்கிக்கொண்டுபோய்த்தான் திரும்புகிறான். விசிலடித்த இடத்தில் நிற்காமல் பத்தடி தள்ளிப்போய் நிற்கும் டவுன் பஸ் போல. எதிரே பள்ளம் இருந்தால் அந்தப் பத்தடியில் ஆள் காலி.

மரியோவை அந்தரத்திலேயே இப்படியும் அப்படியும் வளைத்துப் பழகிய விரலுக்கு இது கோளாறாகத்தான் தெரியும். ஆனால் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஜோர்டன் மெக்னர் எழுதி, புரோடர்பண்ட் வெளியிட்ட இந்த விளையாட்டின் உயிரே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது என்பேன். ஆப்பிள் 2 பதிப்பை எமுலேட்டரிலும், நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகக் கைமாறிய 1990ஆம் ஆண்டு டாஸ் பதிப்பை டாஸ்பாக்ஸிலும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த எடை எங்கிருந்து வந்தது? கற்பனையிலிருந்து அல்ல. 1985இல் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டிவிட்டு, நியூயார்க் மாநிலத்தின் சப்பாக்குவாவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் ஏறவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்த வீடியோவைத் தொலைக்காட்சியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஒவ்வொரு சட்டகத்தையும் சாதாரணக் கேமராவில் போட்டோ எடுத்தார். பிரிண்ட் போட்ட படங்களில் உருவத்தின் விளிம்பைக் கறுப்புப் பேனாவாலும் வெள்ளைத் திரவத்தாலும் திருத்தினார். அவற்றை ஜெராக்ஸ் எடுத்து, அந்தத் தாளைக் கணினிக்குள் ஏற்றி, கடைசியில் புள்ளி புள்ளியாகச் சரிசெய்தார். ரோட்டோஸ்கோப்பி எனப்படும் இந்த முறை சினிமாவில் பழைய உத்திதான். அதை ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள வீட்டுக் கணினியில் ஒற்றை ஆளாக ஒருவர் செய்துகாட்டியதுதான் ஆச்சரியம்.

அந்த உழைப்பு இன்றும் கண்ணில் படுகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்பைத் தட்டினால் இளவரசன் ஓடாமல் ஓர் அடி மட்டும் வைப்பான். அப்படியே விளிம்புவரை கொண்டுபோய் மறுபடி தட்டிப் பாருங்கள். காலைக் கீழே விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். விளையாட்டு ஜெயிப்பதற்கு அந்த அசைவு அவசியமே இல்லை. ஆனால் அதைப் பார்த்த நொடியில், இவன் விழுந்தால் நமக்கு வலிக்கும் என்றாகிவிடுகிறது.

திரை நகராது, ஒரு அறை முடிந்தால் அடுத்த அறை. ஒவ்வொரு திரையும் அகலத்தில் பத்துக் கட்டம், உயரத்தில் மூன்று தளம். நின்றபடி தாவினால் எவ்வளவு, ஓடித் தாவினால் எவ்வளவு, எங்கே விளிம்பைப் பிடித்துத் தொங்கலாம் என்பதெல்லாம் கட்டக் கணக்குதான். ஒரு தளம் விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு தளம் விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று தளம் என்றால் மரணம். தரையிலிருந்து சீறும் முட்களின் நடுவே ஓடினால் குத்திச் செருகும், பதமாக நடந்தால் ஒரு கீறலும் விழாது. விதிகள் இவ்வளவு நேர்மையாக இருப்பதால், சாகும் ஒவ்வொரு முறையும் கோபம் நம்மேல்தான் வருகிறது. தாவச் சொல்ல வேண்டியது விளிம்புக்கு வந்த பிறகு அல்ல, அதற்குச் சற்று முன்பே. விரலுக்கு இது படிந்துவிட்டால், தாமதமாகத் தெரிந்தது தாளமாகிவிடும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசிக்கு ஒரு மணி நேரக் கெடு வைக்கிறான்: என்னை மணந்துகொள், இல்லையேல் சாவு. அவளுடைய காதலன், அதாவது நம் இளவரசன், பாதாளச் சிறையில். அரேபிய இரவுக் கதைகளை அமெரிக்க சினிமா வழியாக வடிகட்டிய பாரசீகம் இது; உண்மையான ஈரானை இதில் தேடாதீர்கள். கதையில் வேலை செய்வது அந்த ஒரு மணி நேரம்தான், ஏனென்றால் அது நம் கடிகாரத்தின் 60 நிமிடம். எத்தனை தடவை வேண்டுமானாலும் செத்துப் பிழைக்கலாம், அந்தக் கட்டத்தின் (லெவலின்) தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் போன நேரம் திரும்பாது. 'கேம் ஓவர்' என்று துரத்தாமல், நாமே வெட்கப்பட்டு முதலிலிருந்து தொடங்கும்படி செய்யும் தந்திரம்.

முதல் கட்டத்திலேயே பாடம் ஆரம்பிக்கிறது. வாள் கிடப்பது இடதுபக்கம், கீழே. அதை எடுக்காமல் ஆர்வக்கோளாறில் வலதுபக்கம் ஓடினால், காவலாளியின் ஒரே வீச்சில் கதை முடிந்தது. வாள் கையில் வந்த பிறகும் விசையைத் தாறுமாறாகத் தட்டினால் பலிக்காது. மேல் அம்பில் தடுத்து, தடுத்த கணத்தில் ஷிஃப்டில் வீச வேண்டும். இந்த வாள்சண்டையின் அசைவுகளை மெக்னர் எடுத்தது 1938இல் வந்த 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தில் எரோல் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் மோதும் கடைசிச் சண்டையிலிருந்து. இருவரும் பக்கவாட்டில் தெரியும் சில நொடிகள் அவருக்குப் போதுமாக இருந்தன.

முதலில் அவர் திட்டத்தில் சண்டையே இல்லை. நாயகனின் அசைவுப் படங்களே நினைவகத்தை விழுங்கிவிட்டன. எதிரிக்கென்று தனிப் படங்கள் வைக்க இடமில்லை. சண்டை வேண்டும் என்று சக பணியாளரான டோமி பியர்ஸ் விடாமல் நச்சரித்தார். அப்போது பிறந்ததுதான் நிழல் மனிதன். நாயகனின் படத்தையே எடுத்து, அதன்மேல் ஒரு புள்ளி தள்ளி அதே படத்தை வைத்து 'எக்ஸ்-ஆர்' செய்தால் (இரண்டும் ஒத்துப்போகும் புள்ளிகளை அணைத்தால்), உள்ளே இருட்டும் ஓரத்தில் மினுமினுப்புமாக ஓர் ஆவி உருவம் கிடைக்கிறது. கூடுதல் நினைவகம் தேவையில்லை. பிறகு இங்குமங்கும் சுரண்டி இடம் பிடித்துக் காவலாளிகளையும் சேர்த்தார். ஆனால் விளையாட்டின் முதுகெலும்பு நிழல்தான்.

நான்காம் கட்டத்தில் வெளிவாசலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தால், வந்த வழியில் ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்தால் உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்று மிஞ்ச, மறுபக்கமாக நம் நிழல் வெளியேறி ஓடும். ஐந்தாம் கட்டத்தில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அது குடித்துவிடும். ஆறில் நம் முகத்தின் முன்னால் கதவை மூடும். பன்னிரண்டில் வாளோடு எதிரே நிற்கும். வெட்டினால் நமக்கே காயம். என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னும் ஆடாதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். ஒரு வரி வசனம் இல்லாமல், ஒரு மனிதன் தன்னோடு தானே மோதுவதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விளையாட்டு எனக்கு வேறு தெரியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. தடுத்து வீசும் தாளம் பிடிபட்டுவிட்டால் நடுக்கட்டங்களில் காவலாளிகள் சலிப்புத் தட்டுகிறார்கள். எந்த மருந்து உயிர் தரும், எது எடுக்கும் என்பதைக் குடித்துத்தான் கற்க வேண்டும். ஒன்பதாம் கட்டத்தில் ஒரு குப்பி திரையையே தலைகீழாகப் புரட்டிவிடும். இளவரசிக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையே இல்லை. எட்டாம் கட்டத்தில் அவள் அனுப்பும் எலி ஒன்று வந்து பட்டனை மிதித்து நமக்குக் கதவு திறப்பதுதான் அவள் பங்கு. அந்த எலிக்காக மட்டும் ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

எந்தப் பதிப்பை ஆடுவது? ஆப்பிள் 2 பதிப்பில் விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசிகின்றன, ஒலி வெறும் சொடுக்குகள்தான், அம்புகளுக்குப் பதில் ஐ, ஜே, கே, எல் விசைகள். ஆனால் ஆட்டத்தின் போது இசை ஓடாத அந்த அமைதியில், காலடியும் கதவு படிப்படியாக இறங்கும் சத்தமும் மட்டும் கேட்பது தனி அனுபவம். மெக்னரின் தந்தை ஃபிரான்சிஸ் அமைத்த சின்னச் சின்ன மெட்டுகள் முக்கியமான இடங்களில் மட்டும் தலைகாட்டும். நிரல் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விருந்து: தொலைந்ததாக நினைத்த மூல நிரல் ஃப்ளாப்பிகள் 2012இல் அவர் தந்தை வீட்டு அலமாரியில் கிடைத்தன. அதே ஆண்டு அந்த 6502 அசெம்பிளி நிரல் முழுவதையும் மெக்னர் கிட்ஹப்பில் போட்டுவிட்டார்.

முதல்முறை ஆடுகிறவர் டாஸ் பதிப்பிலேயே தொடங்குங்கள். நிறம் தெளிவு, விசைகள் சுலபம். மூன்றாம் கட்டத்திலிருந்து சேமித்துக்கொள்ளவும் முடியும். அந்தக் காலத்தில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டிக் கட்டம் தாண்டியவர்கள் இந்தத் தடவை அதை மறந்துவிட்டு நேர்வழியில் ஆடிப் பாருங்கள். விண்டோஸில் ஆடுவதாக இருந்தால் முதல் வேலையாக 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். வாள் வீசுவதற்கு ஷிஃப்டை ஐந்து முறை தட்டியதும் சண்டைக்கு நடுவே அந்த வசதியின் அறிவிப்புப் பெட்டி வந்து குதிக்கும். அதைக் கண்டு காவலாளி காத்திருக்க மாட்டான்.