மாற்றலாகா உரிமவாசகம்: ஒரு விமர்சனக் குறிப்பு

மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் அடிப்படைக் கோட்பாடாகும். அக்கோட்பாட்டுக்குச் சட்டவடிவம் அளிக்கும் பொருட்டு றிச்சட் ஸ்ரோல்மன் இயற்றி 1989இல் வெளிவந்த குனூ பொது உரிமம், தன் வாசகத்தைப் படியெடுக்க அனுமதிக்கும் அதேவேளை, அதனை மாற்றுதலைத் தொடக்கத்திலேயே விலக்குகின்றது. 1991, 2007 ஆம் ஆண்டுப் பதிப்புகளிலும் இத்தடை நிலைபெற்றுள்ளது. திருத்தும் சுதந்திரத்தைப் பேணும் சாசனம் தன்னைத் திருத்தவிடாமை முரண்பாடன்றோ எனச் சிலர் வினவுவர்.

இவ்வினா மேலோட்டமானது. மென்பொருள் ஒரு கருவி. உரிமமோ பதிப்புரிமையாளரின் சம்மதத்தை உரைக்கும் ஆவணம். ஒரே பெயரின் கீழ்ப் பல்வேறு வாசகங்கள் உலவுமாயின், பெயரை நம்பி மென்பொருளை ஏற்பவர் தாம் எதற்கு உடன்பட்டார் என்பதை அறியார். நியோ4ஜே வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். அந்நிறுவனம் 2018இல் குனூ அபெரோ பொது உரிமத்தின் வாசகத்துடன், மென்பொருளை விற்பதைத் தடுக்கும் பிரிவொன்றை இணைத்தது. மேலதிகக் கட்டுப்பாடுகளைப் பெறுநர் நீக்கலாமென அவ்வுரிமத்தின் 7ஆம் பிரிவு கூறுதலை ஆதாரமாகக் கொண்டு எதிர்த்தரப்பினர் அதனை நீக்கினர். பதிப்புரிமையாளரே விதித்த கட்டுப்பாட்டைப் பெறுநர் நீக்கவியலாதெனக் கலிபோர்னியாவிலுள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றம் கொண்டது. 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்றின் கட்டளையை உறுதிசெய்தது. அறியப்பட்ட வாசகம் அளிப்பதாகத் தோன்றிய பாதுகாப்பு, சேர்க்கப்பட்ட பிரிவினால் பயனற்றதாயிற்று. புதிய நிபந்தனை புதிய பெயருடன் புதிய ஆவணமாக வந்திருப்பின் இம்மயக்கத்துக்கு இடமேது?

ஆகவே தடையின் நோக்கம் ஏற்புடையதே. அது சொல்லப்பட்ட முறையே குறைபாடுடையது. வேறு பெயரிட்டு, முகவுரையை விடுத்து, குனூ என்பதைக் குறிப்பிடாதவிடத்து, நிபந்தனைகளைத் திருத்திப் பிறிதோர் உரிமத்திற் பயன்படுத்தலாமெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தனது வினாவிடை விளக்கத்தில் கூறுகின்றது. மூலம் முற்றாக விலக்கியதை உரை நிபந்தனையுடன் அனுமதிக்கின்றது. மூலத்தை மட்டும் வாசிப்போர் இவ்வனுமதியை அறியார். சட்ட ஆவணமொன்றுக்கு இது சிறு குறையன்று.

2012இல் வெளிவந்த மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பு இவ்வகையிற் சிறந்து விளங்குகின்றது. அவ்வுரிமத்துக்குட்படாத மென்பொருளுக்குப் புதிய உரிமம் வகுப்போர், பெயரை மாற்றி, உரிமப் பொறுப்பாளரின் பெயரையும் அகற்றின், வாசகத்தைத் திருத்தலாமென அதன் 10ஆம் பிரிவே கூறுகின்றது. திரிபையும் தடுத்து, ஆக்கத்துக்கும் வழிவிடும் முறை இதுவேயாகும்.

காக்கப்படவேண்டியது சொற்களின் மாறாமையன்று. பெயருக்கும் பொருளுக்குமுள்ள உறவேயாகும். அவ்வுறவைக் காக்கும் விதி உரையில் அன்றி மூலத்திலேயே பொறிக்கப்படல் வேண்டும்.