சதீஷின் மூன்று நாட்களில் முதல் நாள் எது?

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர்கள் ஃபினிஷிங் முடிந்த தோலை மட்டும் வைத்துத் தரம் சொல்லமாட்டார்கள். மேற்பூச்சு ஏறிவிட்டால் உண்ணி கடித்த புள்ளியும் முள் கிழித்த கோடும் மறைந்துபோகலாம். பதனிட்ட தோல் வெட் ப்ளூவாக, நீலநிறத்தில் ஈரம் காயாமல் இருக்கும்போதே மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் நீவி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து ஓரமாக அடுக்குவார்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் சாதனைகளை எடைபோடவும் எனக்கு அந்த முறைதான் சரியாகப் படுகிறது. பதக்கத்தின் பளபளப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, பாரில் ஏறிய கிலோவைப் பார்க்கவேண்டும்.

மூன்று நாட்கள் போட்டிக்கு நிற்கின்றன. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 328 கிலோ, தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 329 கிலோ, அன்றைய பட்டியலில் 11ஆம் இடம். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் 317 கிலோ, மறுபடி தங்கம். மூன்றுமே 77 கிலோ எடைப்பிரிவு. ஒவ்வொன்றும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு தூக்குதல்களின் கூட்டுத்தொகை.

வேலூர்ப் பக்கம் பேச்சு வந்தால் கோல்ட் கோஸ்டைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுவோம். காரணம் இருக்கிறது. அதற்குமுன் தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது அவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பதக்கம் கிடைக்குமா என்ற சந்தேகத்தோடுதான் ஆஸ்திரேலியா போனார். அந்தக் காயம் என்ன செய்தது என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஸ்னாட்ச்சில் ரியோவில் 148, இங்கே 144. நான்கு கிலோதான் குறைவு. கிளீன் அண்ட் ஜெர்க்கிலோ 181 எங்கே, 173 எங்கே! எட்டு கிலோ போய்விட்டது. பாரை மார்பில் வாங்கிக் குந்திய நிலையிலிருந்து எழுந்து நிற்பது பெரும்பாலும் தொடையின் வேலை. பளு தூக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

அதிர்ஷ்டத்தால் வந்த தங்கம் என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 171 கிலோவை இரண்டு முறை தவறவிட்டார், உண்மை. ஆனால் தூக்கியிருந்தாலும் அவருடைய ஸ்னாட்ச் 145ஐச் சேர்த்தால் 316தான். சதீஷின் 317க்கு ஒரு கிலோ குறைவு.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு எண் என்னை உறுத்துகிறது. கோல்ட் கோஸ்டில் தங்கம் வாங்கிக்கொடுத்த அதே 317 கிலோ, நான்கு ஆண்டுகளுக்கு முன் கிளாஸ்கோவில் வெள்ளிதான் வாங்கியது. அன்று அதைத் தூக்கியவர் நம் நாட்டு ரவிகுமார் கட்டுலு. சாதாரண ஆள் இல்லை. 2010 டெல்லி காமன்வெல்த்தில் 69 கிலோ பிரிவில் தங்கம் வென்றுவிட்டு மேல்பிரிவுக்கு வந்தவர். அவரை 22 வயதுப் பையன் 11 கிலோ வித்தியாசத்தில் தாண்டினார். ஸ்னாட்ச்சில் 149, அது போட்டிச் சாதனை.

ரியோவை என்ன செய்வது? மொத்தத்தில் அங்கேதான் ஒரு கிலோ கூடுதல். அதைவிட, முன்னால் நின்றவர்களைப் பாருங்கள். சீனாவின் லியூ சியாவ்ஜுன் ஸ்னாட்ச்சில் 177 தூக்கி உலக சாதனை செய்த மேடை அது. அந்தக் கூட்டத்தில் தன் கிளாஸ்கோ கணக்குக்குக் கீழே இறங்காமல் நின்றது பெரிய காரியம். பதக்கம் இல்லை என்பதற்காக அந்த நாளைப் பட்டியலிலிருந்தே தள்ளிவிடுவது அநியாயம்.

பட்டமா, எண்ணா என்ற இந்த வழக்கு அமெரிக்கக் கால்பந்திலும் தீராமல் ஓடுகிறது. பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரியவர்? சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை ஏழு முறை வென்ற டாம் பிராடியா, ஆடிய நான்கையும் வென்ற ஜோ மொன்டானாவா? 1984 பருவத்தில் 5,084 கெஜம் பந்தெறிந்தும் கடைசிவரை ஒரு சூப்பர் பவுல்கூட வெல்லாத டான் மரினோவை எங்கே வைப்பது? அங்கே குழப்பத்துக்கு இடம் உண்டு. கூட ஆடும் பத்துப்பேர், பயிற்சியாளர், எதிரணித் தடுப்பு என்று எல்லாம் கலந்துதான் ஒரு வெற்றி வருகிறது. அதில் ஒருவர் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். பளுதூக்குதலில் அந்தச் சாக்கு இல்லை. இடுப்பில் ஒரு தோல் பெல்ட், எதிரே ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். அதனால் இங்கே தீர்ப்பு சொல்லத் தயங்கவேண்டாம்.

வலியை நான் மதிக்கிறேன். ஆனால் வலிக்குத் தனி மதிப்பெண் கொடுத்தால், காயம்படாமல் உடம்பைக் காத்து உச்சத்தில் தூக்கிய நாளை நாமே குறைத்துவிடுகிறோம். என் வரிசை இது: கிளாஸ்கோ முதலிடம். எண், எதிராளி, வித்தியாசம், சாதனை நான்கும் ஒரே நாளில் சேர்ந்தது அங்கே மட்டும்தான். ரியோ இரண்டாவது. ஊரே கொண்டாடும் கோல்ட் கோஸ்ட் மூன்றாவது. இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம், வரட்டும்.

2018 கடைசியில் ஆண்கள் 77 கிலோ பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பிரிவில் சதீஷின் 149ஐ காமன்வெல்த் மேடையில் இனி யாரும் முறியடிக்க முடியாது.