உழவாரப்பணிக்கு வாருங்கள், தாத்தாவையும் கூட்டிக்கொண்டு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் "என்னென்ன பார்க்கணும்?" என்று கேட்டால், 217 அடி ராஜகோபுரத்தையும் ரமணாசிரமத்தையும் நான் சொல்வதே இல்லை. அதெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கோயிலில் உழவாரப்பணி நடக்கும், அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்பேன். எழுபதைத் தாண்டிய தாத்தாவும் பதினெட்டு வயதுக் கல்லூரிப் பையனும் ஒரே வாளியில் துணியை நனைத்துப் பிழிகிற இடம் அது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். இவ்வளவு சந்தோஷம் தருகிற இன்னொன்றை இங்கே நான் கண்டதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. நீளமான கைப்பிடி, நுனியில் தட்டையான இரும்புத் தகடு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், அதாவது அப்பர், அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்ப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். நால்வர் சிலைகளில் அப்பர் யார் என்று காட்டிக்கொடுப்பதே அந்தக் கருவிதான். அண்ணாமலைக்கும் வந்து பதிகம் பாடியவர் அவர். அவர் தொடங்கிவைத்த வேலையைத்தான் இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க உழவாரப்பணிக் குழுக்கள் செய்கின்றன. மாதம் ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டு, செயல் அலுவலரிடமோ தர்மகர்த்தாவிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்கி, காலையில் கூடி, மதியச் சாப்பாட்டோடு கலைவார்கள். சம்பளம் கிடையாது, மேடை கிடையாது, சால்வை கிடையாது. எங்கள் குழுவில் மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர் இருக்கிறார், பூக்கட்டும் ஆயா இருக்கிறார், தையல்காரர், பழைய கொத்தனார், ஐடிஐ பையன்கள், பொறியியல் மாணவிகள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும் வாண்டுகள் எல்லாரும் இருக்கிறார்கள்.

போன கோடையில் ஊரை ஒட்டிய ஒரு சின்னச் சிவன் கோயிலுக்குப் போயிருந்தோம். விளக்கேற்றும் இடத்தில் பல வருஷத்து எண்ணெய் இறுகி, கரியும் விபூதியும் குங்குமமும் சேர்ந்து கருங்கல்லே தெரியாமல் மூடிக் கிடந்தது. மாணவர்கள் சோப்புத்தூளைக் கொட்டிக் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிட்டார்கள். பூக்கட்டும் ஆயா அந்த மூலையிலிருந்து ஓடி வந்தார்.

"டேய் கண்ணுங்களா, நிறுத்துங்கடா! கம்பியில தேச்சா கல்லு பொரிஞ்சிடும்."

தன் மஞ்சள் பையிலிருந்து பச்சரிசி மாவை அள்ளித் தரை முழுக்கத் தூவினார். "கொஞ்ச நேரம் சும்மா கெடக்கட்டும். எண்ணெய அதுவே குடிச்சிக்கும்." மாவு மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகி, கட்டிகட்டியாகத் திரண்டது. அதைக் கொட்டாங்குச்சியால் வழித்தெடுக்கச் சொன்னார். மறுபடியும் மாவு, மறுபடியும் கொட்டாங்குச்சி. அப்புறம் வெந்நீரில் கரைத்த சீயக்காய், தேங்காய் நார். கடைசியில் நல்ல தண்ணீரை ஊற்றித் துணியால் ஒற்றியபோது சாம்பல் நிறத்தில் கல் பளிச்சென்று வெளியே வந்தது. பையன்கள் கைதட்டிவிட்டார்கள்!

அதோடு முடியவில்லை. பக்கத்துச் சுவரின் அடிப்பகுதியில், பட்டைபட்டையாகத் திருநீறு பூசியிருந்த இடத்தை அதே பக்குவத்தில் கழுவிக்கொண்டிருந்த ஒரு மாணவி, "சார், இங்க ஏதோ எழுத்து இருக்கு" என்று கத்தினாள். கல்வெட்டு! எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மூட்டுவலிக்காரர். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தே விட்டார். "இது ஸ்வஸ்திஸ்ரீம்மா. பழைய கல்வெட்டுகள்ல முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, நீயா வச்சுப் படிக்கணும்" என்று ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துக் காட்டினார். அவளும் அவள் தோழிகளும் அந்த விரலின் பின்னாலேயே எழுத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் யாரும் எழுந்து வரவில்லை. இந்த வயசில் இப்படி ஒரு வகுப்பு தனக்கு வாய்க்கும் என்று அவர் நினைத்தே இருக்க மாட்டார். அந்தப் பெண்களும்தான்.

இன்னொரு கோயிலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விமானத்தின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தது. கோயிலுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. விட்டால் வேர் கல்லுக்குள் போய்ப் பருத்து, சுவரையே பிளந்துவிடும். இளரத்தம் இல்லையா, ஏறி நின்று வெடுக்கென்று பிடுங்கப் பார்த்தான் ஒரு பையன். கீழே நின்ற கொத்தனார் தாத்தா போட்ட சத்தத்தில் அவன் அப்படியே நின்றுவிட்டான். "இழுக்காதடா! வேரோட கல்லும் வரும். மேல நறுக்கு. வேர்முண்டைக் குடைஞ்சு பெருங்காயம் வை. அப்புறமா சுண்ணாம்பை அடை." தாத்தாவுக்கு மேலே ஏற முடியாது. முழங்கால் போய்விட்டது. ஆனால் அவர் கண் மேலேதான் இருந்தது. இன்னும் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் ஆழம் என்று அவர் சொல்லச் சொல்ல அவன் செய்தான். இறங்கி வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, சிமெண்ட் ஏன் வேணாம்னீங்க?" அவ்வளவுதான். சுண்ணாம்பை எப்படி ஊறவைப்பது, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஏன் சேர்ப்பது, பழைய காரை எப்படி மூச்சுவிடும், சிமெண்ட் எப்படி ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லைக் கெடுக்கும் என்று ஒரு மணி நேரம் போனது. பையன் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். அடுத்த மாதம் இரண்டு நண்பர்களோடு வந்து தாத்தாவைத் தேடினான்.

எனக்கு இதில் பிடித்ததே இதுதான். நம் வீடுகளில் பெரியவர்களுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் நாற்காலி போடுகிறோம், காலில் விழுகிறோம், விபூதி பூசிக்கொள்கிறோம். அதற்கப்புறம் "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வார்த்தை அவர்களை எவ்வளவு தனியாக்குகிறது என்று உழவாரப்பணிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே யாரும் அவர்களை உட்காரச் சொல்வதில்லை. "ஆயா, இதை என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். தேவைப்படுகிற ஆளாக இருப்பதில் எழுபது வயதிலும் ஒரு மிடுக்கு வருகிறது. நான் கண்ணால் பார்த்தது. 2021-ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இத்தனை பேரையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்ன செய்யப்போகிறோம்?

பிறந்தநாளுக்கு முதியோர் இல்லம் போய்க் கேக் வெட்டி, சாப்பாடு போட்டுவிட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அதுவும் நல்ல மனசுதான். ஆனால் கொடுக்கிற கை ஒன்று, வாங்கிக்கொள்கிற கை ஒன்று என்று ஆகிவிட்ட இடத்தில் பேச்சு வளர்வதில்லை. சேர்ந்து ஒரு வேலை செய்தால் பேச்சு தானாக வருகிறது. பித்தளை விளக்குக்குப் புளி போடும்போது ஊர்க்கதை வருகிறது, குடும்பக் கதை வருகிறது, யாருக்கும் சொல்லாத கதையும் வருகிறது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருவீழிமிழலைக் கதையை நினைத்துப் பாருங்கள். நாட்டில் பஞ்சம். முதியவரான அப்பரும் பாலகனான ஞானசம்பந்தரும் அந்த ஊரில் தங்கி, கோயிலில் தினமும் ஆளுக்கொரு படிக்காசு பெற்று, அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்ற வட்டம், அதாவது கழிவு, கொடுக்கவேண்டியிருந்தது, அதனால் அவர் மடத்தில் பந்தி தாமதமானது. அப்பருக்கோ குறையில்லாத காசு. கையால் தொண்டு செய்கிறவர் என்பதால் அவருக்கு அப்படிக் கிடைத்தது என்கிறார் சேக்கிழார். இத்தனை வயது வித்தியாசத்தில் இரண்டு பேர் சேர்ந்து பஞ்ச காலத்தில் ஊருக்கே அடுப்பு மூட்டிய கதை நம்மிடம் இருக்கிறது!

எங்கள் ஊர்த் திருவிழாவிலும் இப்படிச் சேர்ந்து செய்வது ஊறிப்போயிருக்கிறது. கார்த்திகை தீபத்தின் ஏழாம் நாள் தேரோட்டத்தில் அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள், சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுக்கு. வடம் பிடிக்கிற அந்தப் பொடியன்களுக்கு ஓரமாக நின்று எப்போது இழுக்கணும், எப்போது விடணும் என்று குரல் கொடுப்பது யார் தெரியுமா? ஒரு காலத்தில் அதே வடத்தைப் பிடித்த தாத்தாக்கள். தீபம் முடிந்த மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பார்க்கச் சகிக்காது. பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாட்டில், அறுந்த செருப்பு. பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்கள்தான், அவர்களுக்குத்தான் முதல் கும்பிடு. எங்களைப் போன்றவர்கள் பாதையோரத்து ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரைக்கும் சாக்குப்பையோடு நடக்கிறோம். குனிவதற்குப் பிள்ளைகள், பையைப் பிடிப்பதற்குப் பெரியவர்கள்.

உழவாரப்பணி நாளில் மதியச் சாப்பாடு முடிந்து மரத்தடியில் உட்காரும் நேரத்தில் பாடம் இரண்டு பக்கமும் நடக்கும். பென்ஷன்காரர்களுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கவேண்டும். அதை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிடலாம். ஐடிஐ பையன் ஒருவன், "தாத்தா, கண்ணாடியைக் கழட்டுங்க, இப்போ கண்ணைச் சிமிட்டுங்க" என்று சொல்லிக்கொடுக்க, தாத்தா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்ததைப் பார்க்கவேண்டுமே! பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி ஆயாவிடம் திருவெம்பாவை இருபது பாட்டையும் ராகத்தோடு கற்றுக்கொண்டாள். மாணிக்கவாசகர் அதைப் பாடியது இந்த ஊரில்தான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஆயாவின் குரலைப் பதிவு செய்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். மார்கழி முழுக்க எங்கள் வீடுகளில் அந்தக் குரல்தான்.

நெதர்லாந்தில் டெவென்டர் என்கிற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை தருகிறார்கள். மாதம் 30 மணி நேரம் அங்கிருக்கும் பெரியவர்களுக்கு நல்ல அண்டைவீட்டுக்காரராக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உலகமே அதைப் பாராட்டுகிறது, நானும் பாராட்டுகிறேன். நம்மிடமும் வழிகள் இருக்கின்றன. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்யவேண்டும். அந்த நேரத்தில் ஒரு பங்கையாவது பெரியவர்களோடு சேர்ந்து செய்கிற வேலையாக ஆக்குங்கள் என்று திட்ட அலுவலர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கோயில் வேண்டாம் என்கிறவர்கள் தயங்கவேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இளைஞர்கள் தெருவிளக்கடியில் உட்கார்ந்து தாத்தா பாட்டிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் தன்னார்வலர்கள் அதையே செய்கிறார்கள். ஏரிக்கரை இருக்கிறது, ஊர் நூலகம் இருக்கிறது, அரசுப் பள்ளித் தோட்டம் இருக்கிறது. எங்கே என்பது உங்கள் இஷ்டம்.

எங்கள் ஊருக்கு வந்தால் கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள், உழவாரப்பணிக் குழுக்களைப் பற்றிச் சொல்வார்கள். பழைய துணியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வாருங்கள். ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். "எனக்கென்னப்பா வேலை அங்கே?" என்பார்கள். விடாதீர்கள். பச்சரிசி மாவும் சீயக்காயும் எங்களிடம் இருக்கின்றன, மதியச் சாப்பாடும் உண்டு.