வெற்றுக் கட்டத்தில் விளையும் கணக்கு: சீயமங்கலத்தில் ஒரு விரிதாள் சோதனை

புதிதாக வந்த எதையும் நான் இங்கே விமர்சிக்கவில்லை. பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தும் யாரும் கணக்குப் பாடத்துக்காகத் திறக்காத ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டேன்: லிப்ரெஆபிஸ் கால்க். நம் ஆட்கள் பொதுப்பெயராக 'எக்செல்' என்றே சொல்லும் விரிதாள் வகையில் இது இலவசமாகக் கிடைப்பது. சம்பளப் பட்டியலுக்கும் மார்க் லிஸ்டுக்கும் மொய்க் கணக்குக்கும் பழகிப்போன இந்தக் கட்டங்களை வைத்து, எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள் கணிதத்தைத் தாங்களே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்பதே என் முடிவு. நிபந்தனை ஒன்றுதான்: சூத்திரத்தைப் பிள்ளை தன் கையால் எழுத வேண்டும்.

களமும் கருவியும்

சீயமங்கலம், வந்தவாசிக்கும் செஞ்சிக்கும் இடையில் தேசூரை ஒட்டிய ஊர். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் இங்கேதான் இருக்கிறது. நெல்லும் மல்லாட்டையும் விளைகிற இந்தப் பக்கத்தில், விடுமுறை நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து சோதித்தேன். தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று கிடைத்தது. அக்கா படித்து முடித்துவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தது. சார்ஜர் செருகியபடியே ஓட்டினோம். கால்க்கை நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. பழைய கணினியிலும் தடுமாறாமல் ஓடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கக் கைபேசியில் கூகுள் ஷீட்ஸையும் வைத்துக்கொண்டோம்.

முதல் சோதனை: 6174

வந்தவாசிப் போர் நடந்த 1760-ஐ முதல் கட்டத்தில் போட்டோம். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் 7610, ஏறு வரிசையில் 0167. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 7443. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

நான்கு இலக்க எண்ணை நான்கு கட்டங்களாகப் பிரிப்பதுதான் முதல் சிக்கல். ஆயிரத்தால் வகுத்து முழு எண் பகுதியை எடு, மீதியை நூறால் வகு, அப்படியே இறங்கி வா. இடமதிப்பு எல்லாரும் சின்ன வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் அதைச் சூத்திரமாக எழுதச் சொன்னதும் ஒன்பதாம் வகுப்புப் பையன் நோட்டை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்தான். எழுதி முடித்து, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தான். 7443, 3996, 6264, 4176, 6174. அதற்குக் கீழே எவ்வளவு இழுத்தாலும் 6174 மட்டும்தான்.

அடுத்து, செஞ்சிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போன 1761. அதுவும் ஐந்தாவது படியில் 6174. சுதந்திரம் வந்த 1947-ம் ஐந்தாவது படியில் அங்கேயே போய் நின்றது. "வேற நம்பர் வரவே வராதா சார்?" என்ற கேள்வி வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். 1111 போட்டவளுக்குப் பூஜ்யம் வந்தது. 2111 போட்டவனுக்கு நடுவில் 999 வந்தது. கையால் செய்திருந்தால் மூன்று இலக்கம் என்று எண்ணித் தடம் மாறியிருப்பான்; விரிதாள் அதை 0999 என்றே எடுத்துக்கொண்டு சரியாகப் போனது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணும் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174-க்கு வந்துவிடும்.

இதைக் கண்டவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். ஒரு பள்ளி வாத்தியார் காகிதத்தில் கழித்துக் கழித்துக் கண்டது என்று சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் தெரிந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

இன்னொரு நெடுவரிசை சேர்த்து, வரும் விடைகளை 9-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று பார்க்கச் சொன்னேன். மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். விரிதாளின் வேலை இங்கே முடிந்தது. ஏன் என்பதற்கு நோட்டுக்குத்தான் போக வேண்டும். பெரியதிலிருந்து சிறியது வரை இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால் வித்தியாசம் 999(அ − ஈ) + 90(ஆ − இ). இரண்டு பகுதியுமே 9-ன் மடங்கு. இயற்கணிதத்தில் எழுத்து எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

இரண்டாம் சோதனை: மாதவரின் தொடர்

பை மதிப்பை 22/7 என்றும் 3.14 என்றும் மனப்பாடம் செய்தவர்களிடம் 4 − 4/3 + 4/5 − 4/7 என்று போகும் தொடரைக் கொடுத்தேன். பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராமத்தில் வாழ்ந்த மாதவரின் பெயரில் வழங்கும் தொடர் இது. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதை எட்டியது பதினேழாம் நூற்றாண்டில்.

முதல் நெடுவரிசையில் உறுப்பின் எண், அடுத்ததில் உறுப்பு, மூன்றாவதில் அதுவரையான கூட்டுத்தொகை. "ஏன் சார் ஒண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ வருது?" என்று கேட்ட பத்தாம் வகுப்பு மாணவி, வரைபடம் போட்டதும் தானே விடை சொன்னாள்: கூட்டுவதும் கழிப்பதும் மாறி மாறி வருவதால். ஆனால் தொடர் படு மந்தம். 10 உறுப்புக்கு 3.0418396. 100 உறுப்புக்கு 3.1315929. ஆயிரம் வரிசை இழுத்தும் 3.1405927, இரண்டு தசம இடம்தான் சரி.

நான்காவது நெடுவரிசையில், பையிலிருந்து கூட்டுத்தொகையைக் கழிக்கச் சொன்னேன். பத்தாவது வரிசையில் 0.09975. நூறாவதில் 0.00999975. ஆயிரமாவதில் 0.00099999975. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள்: "பத்துல ஒண்ணு, நூத்துல ஒண்ணு, ஆயிரத்துல ஒண்ணு."

அப்படியானால் குறைகிற அந்தப் பங்கையே கூட்டிவிட்டால்? நூறாவது வரிசையில் நூறில் ஒரு பங்கைக் கூட்டினோம்: 3.1415929. ஆறு தசம இடம் சரி. ஆயிரம் உறுப்பு கூட்டியும் கிடைக்காத துல்லியம் நூறு உறுப்பிலேயே வந்துவிட்டது. மாதவர் மரபில் சொல்லப்படும் திருத்தங்களில் எளியது இதுதான். கணிப்பொறி இல்லாத காலத்தில் அவர்கள் கண்டதை, பத்தாவது படிக்கும் பிள்ளை கழித்தல் செய்த ஒரு நெடுவரிசையைப் பார்த்தே கண்டுகொண்டாள். இந்தக் கருவிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் சோதனை: தாயம்

தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் 0, 1, 2, 3. இரண்டு கட்டை உருட்டினால் 16 வகையில் விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ வழி இரண்டுதான். மூன்று விழ வழி நான்கு. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழி. இரண்டு கட்டங்களில் 0 முதல் 3 வரை தற்செயல் எண் வரவழைத்து, கூட்டி, 1600 வரிசை இழுத்தோம். தாயம் 200 முறையை ஒட்டி வர வேண்டும். மறுகணக்கீட்டுப் பொத்தானை அழுத்த அழுத்த எண்ணிக்கை 200-க்கு அக்கம்பக்கமாகவே ஊசலாடியது. வரிசையை 16-ஆகக் குறைத்தால் சில சமயம் ஒரு தாயம்கூட விழவில்லை. சிறிய மாதிரி ஏன் ஏமாற்றும் என்பது பாடமாகச் சொல்லாமலே புரிந்தது.

குறைகள்

முதல் குறை கொஞ்சம் ஆபத்தானது. =-3^2 என்று போட்டால் கால்க், எக்செல், ஷீட்ஸ் மூன்றுமே 9 என்று காட்டும். நம் பாடப்புத்தகப்படி அது −9. விரிதாள் கழித்தல் குறியை முதலில் எண்ணோடு ஒட்டிவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்துகிறது. அடைப்புக்குறி போடும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, பெரிய எண்கள். எக்செல்லில் 2-ன் 50-ஆம் அடுக்கை முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 1125899906842620 என்று வரும். உண்மை விடை 4-ல் முடியும். 15 இலக்கங்களுக்கு மேல் அது பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறது. 2-ன் அடுக்கு பூஜ்யத்தில் முடியுமா என்று கேளுங்கள். திரையில் தெரிவதெல்லாம் சரியல்ல என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

மூன்றாவது குறை கருவியில் இல்லை, பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. நிறைய வரிசைகள் ஒத்துப்போனால் நிரூபித்தாகிவிட்டது என்ற மயக்கம் வரும். அதற்கு மருந்தும் இதே தாளில் உண்டு. ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண், 41 மூன்றையும் கூட்டச் சொல்லி 0-விலிருந்து ஆரம்பியுங்கள். 41, 43, 47, 53 என்று நாற்பது வரிசைக்குப் பகா எண்களாகவே வரும். நாற்பத்தோராவது வரிசையில் 1681. அது 41 × 41. நாற்பது முறை சரியாக வந்ததுகூட அடுத்த முறை உடைந்துவிடும் என்பதைப் பார்த்த பிள்ளை நிரூபணத்தின் அவசியத்தை மறக்காது.

கைபேசியில் இதெல்லாம் நடக்கும், ஆனால் சுகமில்லை. சின்னத் திரையில் நான்கு நெடுவரிசைக்கு மேல் கண்ணில் படாது. கட்டத்தின் மூலையை விரலால் பிடித்து இழுப்பதைவிடச் சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டுவது எளிது. கணினி இல்லாத வீட்டுக்கு இது மாற்று, அவ்வளவே.

ஜியோஜீப்ராவோடு ஒப்பிட்டால்

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இடம்பெறுகிறது. வடிவியலுக்கு அதுவே சிறந்தது; முக்கோணத்தின் முனையை இழுத்து, கோணங்களின் கூடுதல் மாறாததைப் பார்ப்பதற்கு விரிதாள் ஈடாகாது. ஆனால் தயாராகச் செய்து தந்த செயல்பாட்டில் விதியை எழுதியவர் வேறொருவர். பிள்ளை பொத்தானை நகர்த்திப் பார்க்கிறது. விரிதாளில் விதி பிள்ளையுடையது, பிழையும் பிள்ளையுடையது. எண் தொடர், விகிதம், வட்டி, நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றுக்கு என் ஓட்டு விரிதாளுக்கே.

விரிதாளின் பிறப்பும் வகுப்பறையோடு சேர்ந்ததுதான். ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவராக இருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் அட்டவணை முழுவதையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்தே இந்த யோசனைக்கு வந்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979-ல் வெளிவந்தது.

யாருக்கு, எப்படி?

விலை: ஒன்றுமில்லை. கற்க வேண்டியவை: சமக்குறி போட்டுத் தொடங்குவது, கட்டத்தின் பெயரைச் சுட்டுவது, கீழே இழுப்பது. இந்த மூன்றும் வந்தால் போதும். பரிந்துரை: எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை எல்லாருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரம் நிரப்பிய கோப்பைத் தராதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து வைத்து, கேள்வியை மட்டும் பலகையில் எழுதுங்கள். இழுப்பதற்கு முன் என்ன வரும் என்று ஊகித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்; ஊகம் தவறும் இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது.

முதல் வேலையாக எதைக் கொடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாச்சுளைக்கு ஒரு விதி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைகளின் எண்ணிக்கை. பண்ருட்டிப் பலா வரத்து தொடங்கியதும் ஒவ்வொரு பழம் அறுக்கும்போதும் முள்ளை ஒரு நெடுவரிசையிலும், சுளையை அடுத்ததிலும், விதி சொல்லும் எண்ணை மூன்றாவதிலும் ஏற்றுங்கள். வகுப்பே சேர்ந்து எண்ணினால் ஒரு பருவத்தில் நல்ல அட்டவணை சேர்ந்துவிடும். விதி எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதை அந்த வகுப்புப் பிள்ளைகள் நமக்குச் சொல்லட்டும்.