கவிதாவும் கிளாடீனும்: தனித்து உழைக்கும் தாயைப் பற்றி ஒரு சிந்தனை

1974-ஆம் ஆண்டு இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று, கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'. மற்றொன்று, அமெரிக்காவில் ஜான் பெர்ரி இயக்கிய 'கிளாடீன்'. முன்னதை நம் சங்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977-ல் அது 'கபிதா' என வங்காளியிலும் வந்தது. மாலா சின்ஹாவுடன் நம் கமல்ஹாசனும் நடித்தார்.

தந்தை துறவியாகிப் போய்விட, வேலைக்குப் போய்க் குடும்பத்தையே தாங்குகிறாள் கவிதா. அவள் பெற்ற தாய் அல்லள். ஆனாலும் தாயின் பாரம் அவள் தலையில்தான். கிளாடீனோ ஹார்லெமில் கணவன் துணையின்றி ஆறு பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பினத் தாய். வெள்ளையர் வீட்டில் வேலை செய்கிறாள். அந்தச் சம்பளத்தை அரசு உதவித்தொகை தரும் அதிகாரியிடம் மறைத்தாக வேண்டிய நிலை.

பாலசந்தரின் துணிச்சலை நான் மதிக்கிறேன். கவிதா இனிக்க இனிக்கப் பேசுபவள் அல்லள், சிடுசிடுப்பவள். அந்தக் கடுஞ்சொல் திமிர் அன்று, களைப்பு. ஆனால் முடிவில் அவள் தன் திருமணத்தை விட்டுக்கொடுத்து மீண்டும் அலுவலகம் புறப்படும்போது, களைப்பு தியாகமாகிவிடுகிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். 'கிளாடீன்' அப்படி விடவில்லை. அவள் மனச்சோர்வுக்குத் தலைவிதியைக் காரணம் சொல்லாமல், சட்டதிட்டங்களைக் கைகாட்டுகிறது. எதையும் தாங்கும் கறுப்பினப் பெண் என்ற புகழுரையே ஒரு கட்டுக்கதை என்று மிஷேல் வாலஸ் 1979-ல் நூலே எழுதினார்.

ஹவுராவில் எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா இருந்தார். கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை, இரண்டு பிள்ளைகள். "அவளா? இரும்பு மனுஷி!" என்று நாங்கள் மெச்சிக்கொள்வோம். ஒருநாள் அவரே சொன்னார்: "தம்பி, ராத்திரி தூக்கமே வரதில்லப்பா. பசங்கள காரணமில்லாம அடிச்சிடறேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அழறேன். இரும்புன்னு சொல்லிட்டா யார்கிட்டப் போய் இதச் சொல்றது?"

என் குற்றச்சாட்டு படத்தின் மீது மட்டுமன்று, நம் மீதும்தான். தாயின் மனம் நொந்தால் முதலில் அடிபடுவது பிள்ளைதான். 2022 முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த எண்ணை அழுத்தும் முன், "எனக்கு முடியல" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல நம் வீடுகளில் இடம் வேண்டும்.

பொங்கல் விழாவில் அப்படிப்பட்ட ஒரு தாயைப் பார்த்தால், "பையன் எத்தனை மார்க்?" என்றுதான் கேட்கிறோம். "நீ தூங்கினியாம்மா?" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?